வெட்டாமல் பார்ப்பது

மாடி ஏறும்போது யாரோ எதிரில் வந்து
நெஞ்சில் கைவைத்து நிறுத்துகிறார்களாம்.
நின்றால் விட்டுவிடுகிறார்களாம்.
சொன்னவர் கெர்வாசி புளூட்டா, வயது அறுபத்தொன்பது,
வீடு நான்காவது மாடி, லிஃப்ட் கிடையாது.
ஜன்னலில் க்தான்ஸ்க் துறைமுகத்தின் கிரேன்கள்.

நெஞ்சைத் திறக்காமல் நெஞ்சுக்குள் பார்க்க
இன்று எத்தனையோ கண்கள்.
இவருக்கு எந்தக் கண் என்று எழுதுவதற்குத்தான்
எனக்குச் சம்பளம்.
புதிதாக வந்த எந்திரத்தையே எழுது என்று
கை பரபரக்கும்.
அதன் பேச்சைக் கேட்கக் கூடாது.

டிரெட்மில்லில் நடக்கலாமா என்றேன்.
பதில் சொல்லாமல் கால்சட்டையைச் சுருட்டினார்.
கப்பலின் அடித்தட்டுக்குள் இருபத்தாறு வருடம்
மண்டியிட்டு வெல்டிங் செய்த முட்டிகள்.
உருளைக்கிழங்கு மூட்டையைக் கட்டியதுபோல் வீங்கி.

சி.டி. என்றால் ரத்தக்குழாயில் சாயம் ஏற்ற வேண்டும்.
ஏற்றினால் அடைப்பு கிளைகிளையாகத் தெரியும்.
ஆனால் சிறுநீரகம் கால்வாசிதான் மிச்சம்;
சாயத்துக்கு அதையும் கொடுத்துவிட நேரலாம்.
சாயமில்லாமல் குழாய்ச் சுவரின் சுண்ணாம்பை மட்டும் எண்ணலாம்தான்.
இந்த வயதில் சுண்ணாம்பு ஏறாத சுவர் எது?
அது பழைய பாக்கியைச் சொல்லும்,
படிக்கட்டில் கைவைப்பது யாரென்று சொல்லாது.

எம்.ஆர்.ஐ. என்று பாதி எழுதியிருந்தேன்.
"கண்ணைச் சொல்லு" என்றாள் மனைவி ஹால்ஷ்கா.
கல்யாணத்துக்கு முந்தின வருடம் தெறித்த பொறி ஒன்று
இடக்கண்ணின் பின்னால் இரும்புத் துணுக்காய்
இன்னமும் குடியிருக்கிறது.
காந்தம் கூப்பிட்டால் புறப்பட்டுவிடும்.
எழுதியதை அடித்தேன்.

அணுமருந்துப் படம்?
குழாயை விரிக்க ஒரு மருந்து போட வேண்டும்.
அவர் மூச்சிலோ, நான் கேட்காமலே, ஒரு விசில்.
புகை தின்ற நுரையீரலுக்கு அந்த மருந்து ஆகாது.

கதவுகளைச் சாத்தியது நானல்ல.
அவர் செய்த வேலை ஒவ்வொன்றாய் எழுந்துபோய்ச் சாத்தியது.
திறந்திருந்தது ஒன்று:
ஆளைப் படுக்கவைத்து
இதயத்தை மட்டும் மருந்தால் ஓடவைத்து
எக்கோவில் பார்ப்பது.

வியாழக்கிழமை, இடப்பக்கமாய் ஒருக்களித்துப் படுத்தார்.
விலாவில் குளிர்ந்த ஜெல் பட்டதும்
சிரித்துவிட்டார் மனிதர்.
"டாக்டரம்மா, இதை நாங்களும் பண்ணுவோமே!"
பற்றவைத்த மூட்டின்மேல் பசை தடவி,
இதேபோலக் கைக்குள் அடங்கும் கட்டையை நகர்த்தி,
இரும்பை அறுக்காமல்
அதன் விரிசலைக் காதால் தேடுவது.
"எங்கள் ஆய்வாளர் வாய் திறக்கமாட்டார்.
பழுது இருந்தால் சாக்பீஸால் ஒரு வட்டம்.
போய்க்கொண்டே இருப்பார்."

மூச்சை விட்டு அப்படியே நிறுத்துங்கள் என்றேன்.
எண்பது. நூறு.
விலா எலும்பின் நிழலுக்கும் நுரையீரலின் மூட்டத்துக்கும் நடுவே
ஒரு விரற்கடை வெளிச்சம்,
அதற்குள் துள்ளும் சாம்பல்நிறத் தசை.
நூற்றிருபத்தெட்டில்
எல்லாச் சுவரும் உள்நோக்கிப் பாய,
முன்சுவர் மட்டும் தயங்கியது.
கூட்டத்தோடு கைதட்ட மறந்தவனைப்போல.

மருந்தை நிறுத்தினேன்.
வலிக்கிறதா?
"அதே ஆள்தான். கை வைத்துவிட்டான்."
பிறகு, "எடுத்துவிட்டான்."

சட்டையை ஒரு பொத்தான் தள்ளிப் போட்டுக்கொண்டே
திரையைப் பார்க்காமல் கேட்டார்:
"வட்டம் போட்டீர்களா?"
போட்டேன்.
"எங்கே?"
முன்பக்கம்.

"முன்பக்கமென்றால் கை எட்டும்.
அடித்தட்டுதான் கஷ்டம்" என்றார்
ஹால்ஷ்காவிடம்,
பொத்தானைத் திருப்பிப் போட்டபடி.